மனு சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கே வருவது ஏன்?

வீட்டு வாசலில் பூட்டி நிறுத்திய பைக் காலையில் இல்லை. ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் வண்டியைப் பற்றி இருக்காது. "அது எந்தத் தெரு? எங்க லிமிட்ல வராதே" என்பதாக இருக்கும். எல்லைப் பிரச்சினையைத் தாண்டினால் அடுத்தது: "அக்கம்பக்கம் தேடிப் பாத்தீங்களா சார்? பெட்ரோல் தீர்ந்ததும் எங்கயாவது போட்டுட்டுப் போயிருப்பான். ரெண்டு நாள் பாருங்க." விடாமல் நின்றால் எழுதித் தரச் சொல்வார்கள். எழுதியதைப் படித்துவிட்டு, 'திருடு போய்விட்டது' என்பதை அடித்துவிட்டு 'காணவில்லை' என்று போடச் சொல்வார்கள். கடைசியில் கையில் ஒரு ரசீது கிடைக்கும். வீட்டுக்கு வந்து "கேஸ் கொடுத்தாச்சு" என்பீர்கள். ஆனால் கேஸ் என்று அங்கே எதுவும் இன்னும் இல்லை.

அந்த ரசீதைத்தான் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். என்கிறோம். இன்ன தேதியில் இன்னார் மனு கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., வேறு. அது பதிவானால் நகல் நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். புலனாய்வு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இறுதி அறிக்கை தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் கேள்வி கேட்கக்கூடிய முதல் காகிதம் அதுதான். சி.எஸ்.ஆர். ஸ்டேஷனுக்குள்ளேயே பிறந்து ஸ்டேஷனுக்குள்ளேயே முடிந்துவிடும்.

இந்த வித்தியாசம் பைக் பறிகொடுத்தவரின் பையையும் நேரடியாகத் தொடும். திருட்டுக்கான இன்சூரன்ஸ் கோரிக்கைக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், பிறகு வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கையும் வேண்டும். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. 'ரெண்டு நாள் பாருங்க' என்று அனுப்பப்பட்டவருக்கு அந்த 'உடனே' கையை விட்டுப் போகிறது. 'காணவில்லை' என்று எழுதிக்கொடுத்தவருக்கோ திருட்டு என்பதே காகிதத்தில் இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்த விஷயத்தில் சட்டம் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவு. போலீஸ் நேரடியாக விசாரிக்கத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டியது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. தலைமை தாங்கியவர் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான ப. சதாசிவம். தகவல் உண்மையா பொய்யா என்பதைப் பதிந்த பிறகு விசாரித்துக்கொள்ளலாம், பதியாத அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. குடும்பத் தகராறு, வணிகப் பிணக்கு, மருத்துவ அலட்சியம், ஊழல், நீண்ட தாமதத்துடன் வரும் புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். பற்றிப் பேசும் 154-ஆம் பிரிவை 173 ஆக்கியது. எந்த ஸ்டேஷன் எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழிகளில் அனுப்பி, மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட்டால் போதும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். 'எங்க லிமிட் இல்ல' என்ற பதிலுக்கு இன்று சட்டத்தில் இடமே கிடையாது.

அதே சட்டம் இன்னொரு கையால் சிலவற்றைப் பிடுங்கியும் இருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது 173(3). லலிதா குமாரி தீர்ப்பு மூடிய கதவில் இது ஒரு சாளரம். அப்புறம், அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பழைய சட்டத்தில் எவ்வளவு சின்னத் திருட்டானாலும் போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம். இப்போது 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருளின் திருட்டு, நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத வகைக்குப் போய்விட்டது. கூலி வேலைக்குப் போகிறவரின் பழைய செல்போனுக்கு எவ்வளவு மதிப்பு போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, ஆனாலும் ரசீதுதான் கிடைக்கிறது. ஏன்? ஆள் பற்றாக்குறை, பந்தோபஸ்து, வேலைப்பளு என்று காவல்துறை சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. கொலை வழக்குக்குச் சாட்சி தேட வேண்டிய அதே எஸ்.ஐ. கோயில் திருவிழாவுக்கும் அமைச்சர் வருகைக்கும் சாலையோரம் நிற்கிறார். ஆனால் அதுவே முழுக் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். வெளியே வந்தவர்கள் மீது தமிழ்நாடு போலீஸ் லட்சக்கணக்கில் வழக்குப் போட்டது. அந்த ஆண்டின் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் மாநிலத்தின் மொத்த வழக்குகள் முந்தைய ஆண்டைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்காயின. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்பு, அப்போதைய முதல்வர் பழனிசாமி சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளை வாபஸ் பெறுவதாக அறிவித்தார். ஆக, எஃப்.ஐ.ஆர். எழுத ஆளும் பேனாவும் இருந்திருக்கிறது. யாருக்காக எழுதுவது என்பதில்தான் விஷயம்.

ஊரடங்கு மீறலில் குற்றவாளி கண் முன்னே நிற்கிறான். பதிந்த அன்றே வழக்கு 'கண்டுபிடிக்கப்பட்டது' ஆகிவிடும். பைக் திருட்டில் அப்படி இல்லை. பதிந்த நாளிலிருந்து அது அந்த இன்ஸ்பெக்டரின் கணக்கில் நிலுவை. மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் எஸ்.பி. கேட்பார், எத்தனை வழக்கு, எத்தனை கண்டுபிடிப்பு, எவ்வளவு சொத்து மீட்பு என்று. வழக்கு எண்ணிக்கை குறைவாகவும் கண்டுபிடிப்பு சதவீதம் அதிகமாகவும் இருப்பவருக்கு நல்ல பெயர். அந்தச் சதவீதத்தை உயர்த்த இரண்டு வழி உண்டு. அதிகம் கண்டுபிடிப்பது ஒன்று. கண்டுபிடிக்க முடியாததைப் பதியாமல் விடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு உழைப்பு குறைவு.

மேலே போகப் போக இதே கணக்கு அரசியலாகிறது. 1986-ல் தொடங்கப்பட்ட தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் எண்கள், பதிவான வழக்குகளின் எண்கள் மட்டுமே. ஒரு எஃப்.ஐ.ஆரில் நாலு குற்றங்கள் இருந்தால், அவற்றில் பெரியது மட்டும் கணக்கில் வரும். பதிவு கூடினால் குற்றம் கூடியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று காப்பகமே எச்சரிக்கிறது. யார் கேட்கிறார்கள்? சட்டமன்றத்தில் ஆளுங்கட்சி 'குறைந்திருக்கிறது' என்கிறது, எதிர்க்கட்சி 'கூடியிருக்கிறது' என்கிறது. இரண்டு தரப்பும் ஒரே தவறான அளவுகோலைத் தான் பிடித்திருக்கின்றன. நேர்மையாகப் பதிகிற மாநிலம் குற்றத்தில் முதலிடம் என்று தலைப்புச் செய்தியாகும். எந்த அரசு அதை விரும்பும்?

புகாரை ஸ்டேஷனில் வாங்கவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், முதல்வரின் தனிப்பிரிவு என்று மனு கொடுக்கும் இடங்களுக்கு நம்மிடம் குறைவே இல்லை. கலெக்டரிடம் கொடுத்த மனுவுக்கு ஒரு எண் விழும். அது எஸ்.பி.க்கு அனுப்பப்படும். எஸ்.பி. அலுவலகம் டி.எஸ்.பி.க்கு அனுப்பும். டி.எஸ்.பி. அதை 'விசாரித்து அறிக்கை தருக' என்று குறிப்பெழுதி இன்ஸ்பெக்டருக்கு அனுப்புவார். எந்த இன்ஸ்பெக்டர் புகாரை வாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்களோ, அதே இன்ஸ்பெக்டர். பரீட்சை எழுதினவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது போன்றதுதான் இது. சில வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வரும், "மேல மனு போட்டீங்களாமே, வந்து ஒரு ஸ்டேட்மெண்ட் கொடுத்துட்டுப் போங்க" என்று. போனால் 'விசாரணைக்கு ஆஜரானேன், மேல்நடவடிக்கை தேவையில்லை' என்ற ரீதியில் ஏற்கெனவே எழுதிவைத்த காகிதத்தில் கையெழுத்து கேட்பார்கள். மனு 'தீர்வு செய்யப்பட்டது' என்ற கட்டத்துக்குள் போய்விடும். மாவட்டத்தில் எத்தனை சதவீத மனுக்களுக்குத் தீர்வு காணப்பட்டது என்ற செய்திக்குறிப்பில் உங்கள் மனுவும் ஒன்றாகச் சேரும்.

இந்தச் சுற்றின் கடைசி முனை எங்கே போய் முட்டும் என்பதற்கு நெல்லை சாட்சி. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பல முறை மனு கொடுத்திருந்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகள், கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே தீக்கிரையானது. நால்வரும் பிழைக்கவில்லை. அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலக வாசலில் போலீஸ் பைகளைச் சோதிக்கிறது, மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. மனு கொடுக்க வந்த பாட்டியின் மஞ்சப்பைக்குள் கைவிட்டுப் பார்க்கிறார்கள். பைகளைச் சோதிக்க ஏற்பாடு வந்த வேகத்தில் மனுவின் பாதையை மாற்ற ஏற்பாடு வரவில்லை.

சட்டப்படி சரியான வழி வேறு. எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, அதற்கும் பலனில்லையென்றால் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 175(3)-ன் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனு. பழைய சட்டத்தின் 156(3) இதுதான். எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று உடனே உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம், நடுவரிடமே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சாகிரி வாசு வழக்கில் சொன்னது. ஆனாலும் சென்னையிலும் மதுரையிலும் 'எஃப்.ஐ.ஆர். பதிய உத்தரவிடுங்கள்' என்ற மனுக்கள் குவிந்துகொண்டேதான் இருக்கின்றன. வக்கீல் ஃபீஸ் கொடுக்க முடிந்தவர் மட்டும் தாண்டக்கூடிய படி இது. இலவசமாக நடக்க வேண்டிய ஒரு பதிவுக்கு நீதிமன்றம் வரை செலவு செய்ய வேண்டியிருக்கிறது. பதிய மறுத்த அதிகாரிக்கு என்ன செலவு? பாலியல் வன்முறை, அமில வீச்சு, ஆள்கடத்தல் வணிகம் போன்ற சில குற்றங்களில் பதிய மறுத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு சொல்கிறது. பைக், நகை, நிலம், பணம் இதற்குள் வராது.

நீதிமன்றத்துக்குள் நுழைந்துவிட்டால் அது வாய்தாவின் ராஜ்ஜியம். இதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கும் மேல் வழக்குகள் நிலுவை. 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-ல் சொன்னது, 2002-ல் உச்ச நீதிமன்றமும் ஐந்தாண்டுக்குள் அதைச் செய்யச் சொன்னது. இன்றும் அந்த எண்ணிக்கை 20-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. இதற்கிடையில் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். பாதிக்கப்பட்டவருக்கும் நீதி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இல்லை.

தாமதமும் பொறுப்பின்மையும் எப்படிக் கைகோக்கும் என்று பார்க்க வாச்சாத்திக்குப் போக வேண்டும். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் உள்ள மலையடிவார ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாக நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊர் மக்களே, பெண்களும்கூட, கடத்தல் வழக்கில் சிறைக்குப் போனார்கள். அரசு நடந்ததை மறுத்தது. புகாரை விசாரிக்க உயர் நீதிமன்ற உத்தரவால் 1995-ல் சி.பி.ஐ. வர வேண்டியிருந்தது. தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றாயிற்று. அத்தனை பேரும் அரசுச் சம்பளம் வாங்கியவர்கள். மேல்முறையீடு முடிய இன்னும் 12 ஆண்டு. 2023 செப்டம்பர் 29 அன்று நீதிபதி பி. வேல்முருகன் தண்டனையை உறுதி செய்தார்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது தண்டனை உறுதியானது மட்டுமல்ல. தீர்ப்புக்கு முன் அவர் நேரில் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னார். அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். வழக்கமாக அதிகாரி செய்த தவறுக்கு இழப்பீடு அரசுக் கஜானாவிலிருந்து போகும், அதாவது பாதிக்கப்பட்டவரின் வரிப்பணமும் சேர்ந்து. மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எதுவும் ஆகாது. இந்த இரண்டையும் ஒரே தீர்ப்பு தொட்டது அபூர்வம். அதற்கு 31 ஆண்டு ஆனது.

இப்படிப்பட்ட வழக்குகளை நீதிமன்றம் வரை இழுக்காமலே விசாரிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. காவல்துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற பிரகாஷ் சிங் 1996-ல் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. ஸ்டேஷன் அதிகாரிக்கும் எஸ்.பி.க்கும் குறைந்தது இரண்டாண்டு பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம்-ஒழுங்கையும் பிரிப்பது, போலீஸ் மீதான புகார்களுக்குத் தனி ஆணையம் எல்லாம் அதில் உண்டு. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவர் என்றது தீர்ப்பு. தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கியது, மாவட்டத்துக்குக் கலெக்டரை. மனுவைக் கலெக்டரிடம் கொடுத்து அது ஸ்டேஷனுக்கே திரும்பிய கதையை மேலே பார்த்தோமே, அதையே சட்டமாக எழுதிவைத்தது போல. இந்த மாநிலத்தில் காவல்துறையை ஆளும் அடிப்படைச் சட்டம் 1859-ஆம் ஆண்டு மாவட்டக் காவல் சட்டம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அது யாருக்குப் பதில் சொல்லும் போலீஸை உருவாக்க எழுதப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். சேமிக்க இடம் போதுமான அளவு இருந்தும் அப்படி. அதே ஆண்டு டிசம்பரில், எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா, 18 மாதப் பதிவு, எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா வாங்குவது எளிது. பதிவு அழிந்தால் யார் வேலை போகும் என்பதுதான் எழுதப்படாத பகுதி.

முழுக்க இருட்டு என்றும் சொல்ல முடியாது. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற பழைய அரணில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 218-ஆம் பிரிவின்படி 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்கவில்லை என்றால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். கோப்பை அலமாரியில் தூங்கவைக்கும் உத்திக்கு இது நேரடி அடி. மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் சொல்லியிருக்கிறது. புகார்தாரருக்குப் புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவு. வழக்கை அரசுத் தரப்பு வாபஸ் வாங்க நினைத்தால் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்கிறது 360. இவையெல்லாம் எஃப்.ஐ.ஆர். என்ற காகிதம் கையில் இருப்பவருக்கு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதை வைத்துக்கொண்டு 90 நாள் கணக்குப் பார்க்க முடியாது.

அதனால் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதில் முதலாவது இன்னொரு புதிய சட்டம் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓராண்டில் எத்தனை சி.எஸ்.ஆர். வழங்கப்பட்டது, அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, மற்றவை என்ன காரணம் சொல்லி முடிக்கப்பட்டன என்ற மூன்று விவரங்களை வெளியிட்டால் போதும். வழக்கு குறைவாகக் காட்டும் ஸ்டேஷனில் ரசீது மட்டும் மலைபோல் குவிந்திருந்தால் எஸ்.பி.யின் ஆய்வுக் கூட்டத்தில் கேள்வியே மாறிவிடும். சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். இரண்டுமே இப்போது கணினியில்தான் பதிவாகின்றன, தமிழ்நாடு போலீஸின் இணையதளத்திலேயே சி.எஸ்.ஆர். நிலையைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. கூட்டிப் போடுவது மட்டும்தான் பாக்கி. அரசு போடாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துக்கு உங்கள் ஸ்டேஷனின் எண்ணிக்கையை நீங்களே கேட்கலாம். புலனாய்வு பாதிக்கும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். எந்தத் தனி வழக்கின் விவரத்தையும் தொடாத வெறும் எண்ணிக்கையைக் கொடுப்பதால் எந்தப் புலனாய்வு எப்படிப் பாதிக்கும் என்று விளக்க வேண்டிய பொறுப்பு தகவல் தர மறுத்த அலுவலருடையது.